ஆறு மணி போன்

அவருக்குப் பல் கட்டுகிற வேலை. பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டி ஒரு சின்ன அறை. முன்னால் டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்ப்பார். பிறகு மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, மேலும் கீழும் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து, செட்டாக்கி, மெருகேற்றி முன்னால் அனுப்புவார். பதினேழு வருடமாக இதே வேலை. அந்தப் பற்களை மாட்டிக்கொண்டு சிரித்தவர்கள் ஒருவரைக்கூட அவர் பார்த்ததில்லை. அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் ஒரு எண்.

"நாள் முழுக்க இத்தனை வாய்ங்களுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். ஒண்ணாவது வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசுதா?" என்பார். அவருக்குத் தெரிந்த ஒரே ஜோக் அதுதான். அதற்கு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிக்கிற ஒரே ஆள் அவர் மனைவி.

மனைவி முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் தேடியும் இங்கே ஒன்றும் அமையவில்லை. வெளிநாட்டில் அதே வேலை, இரண்டு வருட ஒப்பந்தம் என்று வந்தபோது, "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும், பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருக்கென்னவோ மூடிய கண்ணை இன்னும் திறக்காத மாதிரிதான் இருந்தது.

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வண்டு என்று பெயர். எந்நேரமும் எதையாவது ரீங்காரம் போட்டுக்கொண்டே ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருப்பதால் அம்மா வைத்த பெயர். பள்ளி விட்டதும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் இருப்பாள். இவர் நாலரைக்கு வந்து அழைத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறுவார். ஏறுவதற்குள் தண்ணீர் பாட்டிலோ தொப்பியோ ஏதாவது ஒன்று படியில் தங்கிவிடும்.

ஒரு நாள் வகுப்பு டீச்சரிடமிருந்து குறிப்பு வந்தது. பதினோரு நாளாக வீட்டுப்பாடம் எதுவும் வந்து சேரவில்லை என்று எழுதியிருந்தது. இவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினமும் சாயங்காலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாரே! வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார். கணக்கு நோட்டு குளிர்சாதனப் பெட்டியில் ஆப்பிளுக்கு அடியில் இருந்தது. மொழிப்பாட நோட்டு துவைக்கிற துணியோடு கிடந்தது. இரண்டிலும் பாதிப் பாதி எழுதிய பக்கங்கள். ஒரு கூட்டல் கணக்கு ஆரம்பித்து, ஐந்துக்கு வால் முளைத்து, வால் பூனையாகி, பூனைக்கு மீசை வரைந்து அந்தப் பக்கம் முடிந்திருந்தது.

பள்ளி சொல்லி, குழந்தைகள் மனநல டாக்டர் ஒருவரிடம் போனார்கள். மூன்று வாரம், நாலு தடவை. கடைசித் தடவை அந்த அம்மாள் நிதானமாகச் சொன்னார்.

"இதுக்கு ஏடிஹெச்டின்னு பேரு. உங்க பொண்ணு கவனமே இல்லாத பொண்ணு இல்ல. அவ கவனம் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்துல ஓடுது. எதை விடணும், எதைப் பிடிக்கணும்னு தெரியல. திமிரும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் இவளும். இவ அம்மா போன்ல இருக்கா."

டாக்டர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே, "வேலையைச் சின்னச் சின்னதா வெட்டிக் குடுங்க. பத்து நிமிஷம் போதும், நடுவுல எழுந்து ஓடட்டும். பக்கத்துல நீங்க சும்மா உக்காந்தா போதும், சொல்லிக்கிட்டே இருக்க வேணாம். முக்கியமா, வேலை முடியுற வரைக்கும் போன் கண்ணுல படக்கூடாது. உங்க போனும்தான்" என்றார்.

"அது வந்து டாக்டர்... ஆறு மணிக்கு..." என்று ஆரம்பித்தார். வண்டு அதற்குள் எடை பார்க்கும் இயந்திரத்தின் மேல் ஏறி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். இறக்கிவிடப் போனதில் சொல்ல வந்தது நின்றுபோயிற்று.

ஆறு மணிக்குத்தான் அம்மா கூப்பிடுவாள். அவளுக்கு அங்கே அப்போது பிற்பகல் இரண்டரை, சாப்பாட்டு இடைவேளை. அரை மணி நேரம். காலையில் அவள் விழிக்கும்போது வண்டு பள்ளியில் இருப்பாள். வேலை முடிந்து அவள் அறைக்குத் திரும்பும்போது இங்கே ஊர் அடங்கியிருக்கும். அப்போது பேசினால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் கொட்டாவிதான் விட்டுக்கொள்ள முடியும். ஆகவே ஆறு மணி என்பது நகர்த்த முடியாத ஆணி.

ஐந்தேகாலுக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்து உட்கார வைத்தால், தண்ணீர், பென்சில் சீவல், பாத்ரூம் எல்லாம் முடிந்து அவள் குனிவதற்கு ஐந்தே முக்கால் ஆகும். இரண்டு கணக்கு போடுவாள். போன் அடிக்கும். அம்மா முகத்தைப் பார்த்ததும் குதிப்பாள், பாடுவாள், பல் விழுந்த இடத்தைக் காமிராவுக்குள் திணித்துக் காட்டுவாள். அம்மா போன பிறகு போன் மட்டும் கையிலேயே இருக்கும். யாரோ ஒருவர் கலர் கலராகச் சோப்பைக் கத்தியால் சீவுகிற வீடியோ. சீவச் சீவ அவள் வாய் திறந்தபடி இருக்கும். வாங்கினால் வீடே அதிரும். அதற்குப் பிறகு எட்டு மணிவரை மல்லுக்கட்டினாலும் அந்த மூன்றாவது கணக்கு நகராது.

"அம்மா இல்லாத வீடுன்னா இப்படித்தான்" என்று தையல்காரம்மா ஊசியில் நூல் கோத்தபடி ஒரு தடவை சொன்னார். ஆறுதலாகத்தான் சொன்னார். அதன் பிறகு அவர் வாசலில் நின்று பேசுவதை இவர் குறைத்துக்கொண்டார். டாக்டர் சொன்ன பெயரை உறவுக்காரர் ஒருவரிடம் சொன்னபோது, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று பதில் வந்தது. அங்கேயும் பேச்சு குறைந்தது. மனைவியிடம் டாக்டர் சொன்னதை, போன் விஷயம் உட்பட, நாலு தடவையும் போய்வந்த பிறகுதான் சொன்னார். மற்றபடி அவளிடம், "நல்லாப் படிக்கிறா, கீழ்வீட்டு அக்காவும் பாத்துக்கிறாங்க, ஒரு கவலையும் இல்ல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் சொல்வாள்: "இங்க எல்லாரும் என்கிட்ட ரொம்பப் பாசமா இருக்காங்க."

ஒரு புதன்கிழமை. மறுநாள் அறிவியல் நோட்டு முழுவதையும் கொடுத்தாக வேண்டும். அவர் முட்டை வேக வைத்துவிட்டு அடுக்களையிலிருந்து வந்தார். அம்மா பேசி முடித்துவிட்டாள் போலிருந்தது. போனில் சோப்பு. கீழே நோட்டில் தேதி மட்டும். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலும் இரண்டு செட்டு கடி சரியில்லை என்று திரும்பி வந்திருந்தது. அவருக்குள் என்னவோ அறுந்தது. போனைப் பிடுங்கினார்.

"உன்னை வெச்சு மேய்க்க முடியாமதான்டி உங்க அம்மா கிளம்பிப் போயிட்டா! நான்தான் மாட்டிக்கிட்டேன்!"

வண்டு அழவில்லை. அவரையே பார்த்தாள். அப்போது அவர் கையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னங்க?"

அழைப்பு துண்டிக்கப்படவில்லை. அங்கே யாரோ கூப்பிட்டார்கள் என்று அவள் ஒரு நிமிடம் எழுந்து போயிருக்கிறாள். அந்த ஒரு நிமிடத்தில் வண்டு சோப்புக்குத் தாவிவிட்டாள். திரையின் மூலையில் மனைவியின் முகம் ஸ்டாம்பு அளவுக்கு இருந்தது.

"போனை அவகிட்ட குடுங்க" என்றாள்.

கொடுத்தார். அம்மா மகளிடம் மெதுவாக ஏதோ சொன்னாள். இரண்டு நிமிடத்தில் அங்கே இடைவேளை முடிகிற மணி அடித்துவிட்டது. அவரிடம் ஒன்றும் சொல்லாமலேயே போய்விட்டாள்.

வண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவரும் தரையில் உட்கார்ந்தார். வெகு நேரம் கழித்து, "அப்பா சொன்னது பொய்" என்றார்.

"எது?"

"அம்மா உன்னால போயிட்டான்னு சொன்னது. கோவத்துல வாய் தவறிடுச்சு."

"அப்ப யாரால போனாங்க?"

"யாராலயும் இல்ல. வேலைக்குப் போனா."

அவள் யோசித்தாள். "நான் நோட்டைத் தொலைக்காம இருந்தா சீக்கிரம் வருவாங்களா?"

"நோட்டுக்கும் அம்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லடா கண்ணு. தொலைச்சாலும் வருவா."

மேஜையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "அப்பா, இங்க அடியில மூணு பபிள்கம் ஒட்டியிருக்கு, பாத்தீங்களா? ஒண்ணு பச்சை" என்றாள். குனிந்து பார்த்தார். பச்சைதான்.

மறுநாள் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தபோது மனைவியிடமிருந்து செய்தி வந்தது. 'இனிமே ஆறு மணிக்குக் கூப்பிடல. அவ படிக்கட்டும். ஞாயித்துக்கிழமை பேசலாம்.' கோபமா, யோசித்த முடிவா என்று தெரியவில்லை. பதிலாக ஏதேதோ அடித்து அழித்து, கடைசியில் 'சரி' என்று மட்டும் அனுப்பினார்.

அதற்குப் பிறகு சாயங்காலங்கள் வேறு மாதிரி ஆயின. பிளாஸ்டர் இறுகுவதற்கு முறுக்கி வைக்கிற பழைய டைமர் ஒன்றைப் பல் டாக்டரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். இரண்டு பேர் பார்வையிலும் படாமல் போன் ரவை டப்பாவுக்குள் போயிற்று. மேஜையில் ஒரே ஒரு நோட்டு, ஒரே ஒரு பென்சில், மற்றதெல்லாம் பைக்குள். பக்கத்தில் அவர் வெறுமனே உட்கார்ந்திருந்தால் கண் தானாக அவள் நோட்டுக்குப் போயிற்று, வாய் தானாகத் திறந்தது. அதனால் தன் வேலையையும் கொண்டுவந்தார். ஒரு தாடை, மெழுகு, சின்னக் கத்தி. அவள் கணக்கு போட, இவர் பல் நடுவார். டைமர் அடித்தால் அவள் மாடிப்படியில் ஒரு தடவை இறங்கி ஏறி வரவேண்டும்.

முதல் வாரம் நரகம். சோப்பு வீடியோவுக்கு வேலை முடிந்தபின் அரை மணி நேரம், அதுவும் கூடத்தில் இருக்கிற பழைய லேப்டாப்பில்தான் என்று ஏற்பாடு. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை சொல்வார். முடிந்ததும் மூடுவார். அவள் தரையில் விழுந்து உதைப்பாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சில நாள் கத்தியும் இருக்கிறார். ஒரு நாள் அவரே மறந்துபோய் டப்பாவைத் திறந்து போனை எடுத்துவிட்டார். "அப்பா! ரவை!" என்று ஒரு அதட்டல் வந்தது. திரும்ப வைத்தார்.

இரண்டாவது வாரம் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவள் ரீங்காரம் போடும்போதெல்லாம் "சத்தம் போடாம எழுது" என்று இத்தனை நாள் அடக்கி வந்திருந்தார். உண்மையில் அந்த ரீங்காரம் இருக்கிறவரைதான் பென்சில் ஓடியது. ரீங்காரம் நின்றால் அவள் ஜன்னலுக்கு வெளியே போய்விட்டாள் என்று அர்த்தம். அதன் பிறகு நிமிர்ந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சத்தம் நின்றால் மேஜையை விரலால் மெதுவாக ஒரு தட்டு. அவ்வளவுதான். அவள் திரும்பி வந்துவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஆறு கணக்கும் போட்டாள். ஆறும் சரி. அவருக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மணி ஆறு பத்து. அங்கே இடைவேளை. போன் ரவை டப்பாவில். எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்.

பிறகு செய்தியாக அனுப்பினார். 'கணக்கு ஆறும் சரி.' கட்டை விரல் படம் ஒன்று திரும்பி வந்தது. அதற்கு மேலே விரலால் தள்ளிப் பார்த்தார். 'கணக்கு முடிந்தது. மொழி பாதி.' கட்டை விரல். 'இன்று அழவில்லை.' கட்டை விரல். 'அறிவியல் நோட்டு கிடைத்தது, ஷூவுக்குள்.' இரண்டு கட்டை விரல். மூன்று வாரமாகச் சாப்பிட்டாயா என்றுகூட ஒருவரை ஒருவர் கேட்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பிலும் வண்டுதான் முழுக்கப் பேசினாள். கடைசி ஒரு நிமிடத்தில் போன் இவரிடம் வரும். "வேற?" என்பாள் மனைவி. "வேற ஒண்ணும் இல்ல" என்பார்.

யோசனை வண்டுவுடையது. ஒரு சாயங்காலம் டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்து, "அப்பா, நீங்க பேசாமதானே உக்காந்திருக்கீங்க? அம்மாவும் அப்படிப் பேசாம உக்காரட்டுமே" என்றாள்.

"அம்மா எப்படிடா உக்காருவா?"

"போன்லதான். படம் வேணாம். கமுத்திப் போட்டுடலாம். சும்மா இருக்கட்டும்."

மனநல டாக்டர் ஒப்புக்கொள்வாரோ என்னவோ என்று சந்தேகத்தோடுதான் கேட்டுப் பார்த்தார். "முயற்சி பண்ணுங்க, கெடுத்தா நிறுத்திடுங்க" என்றார் அவர். கெடுக்கவில்லை. ஆறு மணிக்கு அழைப்பு வரும். போனை ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்து, கைக்கு எட்டாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைப்பார். டைமர் அடித்தால் ஐந்து நிமிடம் மகள் பேசலாம். மற்ற நேரம் யாரும் பேசக்கூடாது. முதல் நாள் அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அம்மா, ஷ்ஷ்!" என்றாள் வண்டு.

அப்படித்தான் அவர் அங்கே நடப்பதைக் கேட்க ஆரம்பித்தார். நாற்காலி இழுபடும் சத்தம். டப்பாவின் மூடி. மைக்ரோவேவ் பீப். ஸ்பூன். கதவு திறந்து மூடும். யாரோ இரண்டு பேர் அவர்கள் மொழியில் சிரித்துப் பேசிக்கொண்டு வருவார்கள், பேசிக்கொண்டே போவார்கள். அவர்கள் இவளிடம் ஒரு வார்த்தை பேசியதாக ஒரு நாளும் கேட்கவில்லை. அரை மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள். ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. ஒரு நாள் அவள் நீளமாக மூச்சு விட்டாள். மகள் ரீங்காரம் போட்டபடி வகுத்தலில் இருந்தாள். இவர் கையில் ஒரு கடைவாய்ப் பல். ஏதாவது சொல்லியிருப்பார். பேசக்கூடாது என்று ஏற்பாடு. பல்லை மெழுகில் அழுத்தினார்.

பிறகு ஒரு நாள் வீட்டுப்பாடம் கொஞ்சம்தான் இருந்தது. ஒரே டைமரில் முடிந்துவிட்டது. கீழே பிள்ளைகள் கத்தினார்கள். "அம்மா, முடிச்சிட்டேன், பை!" என்று வண்டு ஒரு கால் செருப்போடு ஓடிவிட்டாள். குளிர்சாதனப் பெட்டியின் மேல் போன் அப்படியே இருந்தது. இவர் எழுந்து போய் எடுத்து மேஜையில் வைத்துக்கொண்டார். நிமிர்த்தவில்லை.

"போயிட்டாளா?" என்றாள்.

"போயிட்டா."

ஸ்பூன் சத்தம் நின்றது.

"தனியாவா சாப்பிடுறே தினமும்?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒரு மாசமா கேட்டுட்டுத்தானே இருக்கேன்."

அங்கே நாற்காலி லேசாக இழுபட்டது.

"எல்லாரும் பாசமா இருக்காங்கன்னு சொன்னியே?"

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? நீங்களும்தான் கவலையே இல்லைன்னு சொன்னீங்க. டாக்டர்கிட்ட நாலு தடவை போயிட்டு வந்தப்புறம்தானே என்கிட்ட சொன்னீங்க."

"ம்."

"அன்னிக்கு அவகிட்ட ஒண்ணு சொன்னீங்களே... அதை மனசுல வெச்சுத்தான் சொன்னீங்களா?"

மகளிடம் தரையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்ட அவருக்கு மனைவியிடம் கேட்கத் தோன்றவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"இல்ல. சத்தியமா இல்ல. தப்பு. உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "பிளேன் கிளம்பினப்போ எனக்கு ஒரு நிமிஷம் அப்பாடான்னு இருந்துச்சுங்க. யாரும் கூப்பிட மாட்டாங்க, எதுவும் தொலையாதுன்னு. ஒரே ஒரு நிமிஷம்தான். அதனாலதான் நீங்க சொன்னது அவ்ளோ சுட்டுச்சு."

அவர் கத்தியில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினார்.

"எனக்குத் தினமும் காலையில அவளை ஸ்கூல் வாசல்ல விட்டுட்டுத் திரும்பும்போது அப்படித்தான் இருக்கு" என்றார். "தெருமுனை வரைக்கும். அப்புறம் போயிடுது."

அங்கிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போனை நிமிர்த்திப் பார்த்திருக்கலாம். படம் போடாத அழைப்பு, ஒன்றும் தெரிந்திருக்காது. அங்கே மணி அடித்தது.

"போகணும்" என்றாள்.

"சாப்பிட்டு முடிச்சியா?"

"பாதி."

"முடிச்சிட்டுப் போயேன்."

"நேரம் இல்லைங்க."

அழைப்பு நின்றது. எதிர்க் கட்டடத்து மாடிப்படியில் ஒவ்வொரு தளமாக விளக்கு எரிந்துகொண்டு வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்த வருடம் வண்டு அடுத்த வகுப்புக்குப் போனாள். கணக்கில் தட்டுத் தடுமாறித்தான் தேறினாள். நோட்டுகள் தொலைவது நிற்கவில்லை; வீட்டுப்பாடம் போய்ச் சேராத நாட்கள் மட்டும் பதினொன்றாக இருந்தது மாதத்துக்கு மூன்று, நாலு என்று ஆயிற்று. தனக்கும் மகளுக்கும் நடுவில் முன்னைவிடக் கத்தல் குறைந்திருப்பதாக அவர் நினைத்தார். அதைக் கேட்டுச் சொல்ல வேறு ஆள் வீட்டில் இல்லை.

பேச்சு மட்டும் அன்றைக்குப் பிறகு கொஞ்சம் மாறியது. வண்டு சீக்கிரம் முடித்துவிட்டு ஓடுகிற நாட்களில் அவர்களுக்கு ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள், சில வாரம் இரண்டு நாள். பாதி நேரம் இரண்டு பேருமே ஒன்றும் பேச மாட்டார்கள். அவர் பல் நடுவார். அவள் சாப்பிடுவாள்.